மாடி போர்ஷனுக்கு மூணு கேள்வி

வாங்க, வாங்க. மேல பாத்துட்டீங்களா? காத்து வருதுங்களா? வராம எங்க போகும், மூணு பக்கமும் ஜன்னல் வெச்சுக் கட்டினவன் நானுங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி இதா இருக்குது, நீங்களே எடுத்துக் குடிச்சுக்கங்க. காப்பி போட்டுத் தர வீட்டுல ஆளில்லை. நான் போட்டா நீங்க குடிக்கமாட்டீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் உங்களை ஒரு கேள்வியும் கேக்கப்போறதில்லைங்க. பயப்படாதீங்க. புரோக்கர் என்னென்னமோ சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். "அந்தச் சென்னியப்பன் வீட்டுக்கா போறீங்க, அவரு பரீட்சை வெப்பாருங்க"ன்னு சொல்லியிருப்பான். வெச்சேன். இல்லைன்னு சொல்லல. இப்ப வெக்கறதில்லை. என் சம்சாரத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன், வீடு பாக்க வர்றவங்களை ஒரே ஒரு கேள்விகூடக் கேக்கமாட்டேன்னு. போன்லதான் குடுத்தேன். ஆனாலும் வாக்கு வாக்குதானுங்களே.

அவ திருப்பூர்ல மக வீட்டுல இருக்கறா. வசந்தாமணின்னு பேரு. ஐப்பசியில போனவ, தை நோம்பிக்குக்கூட கோபிப் பக்கம் எட்டிப் பாக்கலைங்க. நானே அரிசியைப் போட்டு நானே பொங்க வெச்சேன். அது அடிப்பிடிச்சுப் போச்சு, அதை விடுங்க. மாடியில ஒரு குடும்பம் வந்து பால் காய்ச்சினாத்தான் நான் திரும்பி வருவேன், அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிப்போட்டா. ஏன் புள்ள இப்படின்னு கேட்டா, "உங்ககூட அந்த வீட்டுல தனியா இருக்க என்னால ஆகாதுங்க. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும்"ங்கறா.

ஞாயமுங்களா இது? பேச நான் இல்லீங்களா? காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் நாந்தானே பேசறேன். இந்த ஊர்ல எந்தப் புருஷன் சம்சாரத்துகிட்ட இத்தனை பேசறான்? மத்தவனெல்லாம் சோத்தைத் தின்னுபோட்டு டிவி முன்னால உக்காந்துக்கறான். நான் தினமும் புதுசா ஒரு விஷயம் சொல்லுவேன். அவதான் வாயே திறக்கமாட்டா. "ம்"ங்கறதோட சரி. வெள்ளி கிரகத்துல ஒரு வருஷத்தை விட ஒரு நாள் நீளம் புள்ள, அது தன்னைத்தானே சுத்தி முடிக்கறதுக்குள்ள சூரியனையே ஒரு சுத்து சுத்தி வந்துருதுன்னு சொல்றேன். எவ்வளவு பெரிய விஷயம். "ம், அந்தக் கறிவேப்பிலையை இப்படிக் குடுங்க"ங்கறா. இப்படிப்பட்டவளுக்குப் பேச்சுத் துணை வேணுமாம்.

இருங்க, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. தண்ணி வசதிதானுங்களே? ரெண்டு போர் இருக்குது. அதைப் பத்திக் கவலையே வேண்டாம்.

நான் சோதனைச்சாவடியில வேலை பாத்தவன். மலை ஏறப்போற லாரியெல்லாம் நம்ம முன்னால நின்னுதான் போகோணும். லாரி இல்லாத நேரத்துல கூட இருந்தவனெல்லாம் சீட்டு ஆடுவான், தூங்குவான். நான் படிச்சேன். பஸ் ஸ்டாண்டுல விக்குமே பொது அறிவு புத்தகம், அது ஒண்ணு விடறதில்லை. அப்பெல்லாம் லாரிக்காரனைக்கூட ஒரு கேள்வி கேட்டுத்தான் தடுப்பைத் தூக்கச் சொல்லுவேன். ஒருத்தனுக்காவது பதில் தெரியோணுமே. காஷ்மீர் வரைக்கும் ஓட்டிப் போட்டு வர்றான், மங்கோலியாவுக்குத் தலைநகர் கேட்டா முழிக்கறான். ஹாரனை மட்டும் நல்லா அடிப்பான். இந்தியாவை அளக்கறதுக்கு மொதல் கோடு போட்டது நம்ம பரங்கிமலைக்குப் பக்கத்துலதான், அங்க ஆரம்பிச்ச அளவுதான் போய்ப் போய் இமயமலை உச்சியில முடிஞ்சுதுன்னு ஒரு மெட்ராஸ் டிரைவர்கிட்ட சொன்னேன். "சார், வாழைக்காய் லோடு, பழுத்துரும் சார்"ங்கறான். அவன் ஊர் விஷயத்தை அவனுக்கே சொல்றேன், அவனுக்கு வாழைக்காய்தான் பெருசு. சரி, வாழைப்பழம் தாவர சாஸ்திரப்படி பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லைன்னு அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல எத்தனை எலும்புன்னு நான் உங்களைக் கேக்கலைங்க. வாக்குக் குடுத்திருக்கேன். நானே சொல்லிடறேன். ஏழு. மனுசனுக்கும் ஏழுதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, பரவால்லைங்க.

ரிட்டையர் ஆகி இந்த மாடியைக் கட்டினேன். வாடகை நமக்குப் பெருசில்லை. பென்ஷன் வருது. மக நல்லா இருக்கறா. நான் என்ன நெனச்சேன்னா, மேல ஒரு விஷயம் தெரிஞ்ச ஆள் இருந்தா பொழுதோட உக்காந்து பேசலாமேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் மூணு கேள்வி வெச்சேன். மூணுக்கு ஒண்ணு சொன்னாப் போதும், சாவி உங்க கையில. இதைவிடச் சுலபமா எவன் வீடு குடுப்பான்?

மொதல்ல ஒரு பேங்க்காரர் வந்தாரு. மேனேஜராம். மிளகாய் எந்த நாட்டுல இருந்து வந்ததுன்னு கேட்டேன். "குண்டூர்"ங்கறாரு. குண்டூர் ஒரு நாடாம். அமெரிக்கக் கண்டத்துச் சரக்குங்க அது, போர்ச்சுகீசியன் கப்பல்ல கொண்டாந்தது, அதுக்கு முன்னால நம்ம ஊர்ச் சோத்துக்கு மிளகுதான் காரம்னு சொன்னேன். "அப்படீங்களா, பார்க்கிங் எங்கீங்க?"ன்னு கேக்கறாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பார்க்கிங் வெளிய ரோட்டுல, கிளம்புங்கன்னேன்.

அடுத்தாப்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். கேள்வியைக் கேட்டதும் பாக்கெட்டுல இருந்து போனை எடுத்தான். ஏந் தம்பி, போனைப் பாத்துச் சொல்றதுக்கு நீ எதுக்கு, நான் போனுக்கே வீட்டை விட்டுப்போடுவேனேன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. போகட்டும்.

அப்பறம் ஒரு வாத்தியாரு, அதுவும் சயின்ஸ் வாத்தியாரு. இவரு தேறுவாருன்னு நம்பினேன். நிலாவுல இருந்து பாத்தா பூமியில தெரியற ஒரே கட்டடம் எதுன்னு கேட்டேன். சின்னக் குழந்தைக்குத் தெரியும், சீனப் பெருஞ்சுவர். இவரு என்ன சொல்றாரு தெரியுங்களா? "அப்படி ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, நிலாவுக்குப் போனவங்களே தெரியலைன்னு சொல்லியிருக்காங்க"ன்னு, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. எனக்கு வந்ததே கோபம். புத்தகத்தை எடுத்து விரிச்சுக் காட்டினேன், பாருய்யா, அச்சடிச்சிருக்குதுன்னு. "அது தப்புங்க"ங்கறாரு. அச்சுல வந்ததையே இல்லைங்கறவன் நாளைக்கு என் வீட்டுச் சுவரையே இல்லைம்பான். நீங்க வேற இடம் பாத்துக்கங்கன்னு அனுப்பிவிட்டேன். நிலாவுக்குப் போனவன் என்ன, அன்னைக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டா போனான்?

நீங்க என்ன பாக்கறீங்க? சிரிக்கறீங்களா? இல்லையா? சரி.

அதுக்கப்புறந்தான் இந்த நாச்சியப்பனும் அவன் சம்சாரம் அழகம்மையும் வந்தாங்க. தேவகோட்டைப் பக்கம். அவன் இங்க ஒரு மில்லுல அக்கவுண்டண்ட். அவ அப்ப முழுகாம ரெண்டு மாசமோ மூணு மாசமோ. மில்லு பக்கம், அதனால வீடு வேணும்னாங்க. நானும் கேள்வியைக் கேட்டேன். சண்டை ஆரம்பிச்சு முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுபோன யுத்தம் எதுன்னு. அந்தப் பையன் மேல பாக்கறான், கீழ பாக்கறான். அந்தப் புள்ள சேலைத் தலைப்பைத் திருகுது. காப்பி கொண்டாந்த வசந்தாமணி டம்ளரை வெச்சுக்கிட்டே, "சான்சிபார்"ன்னா. அடுத்த கேள்வி கேட்டேன், மெட்ராஸுக்கு அந்தக் காலத்துல ஐஸ் கட்டி எங்கிருந்து வந்ததுன்னு. "அமெரிக்காவுல இருந்து, கப்பல்ல"ன்னா. மூணாவது நான் கேக்கறதுக்கு முன்னாலயே, "மங்கோலியாவுக்கு உலான் பாத்தர், போதுமுங்களா? சாவியை அந்தப் புள்ள கையில குடுங்க"ன்னுட்டா.

அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆச்சரியமுங்க. புத்தகம் படிக்கற ஆளே இல்லை அவ. "ம்"னு சொல்றவ. மக படிக்கறப்ப எங்கயாவது கேட்டிருப்பா.

சரின்னு குடுத்தேன். குடுத்தது தப்பு. அதுல இருந்து வீட்டுல எனக்கு மரியாதை போச்சு. சாயங்காலமானா வசந்தாமணி மேல போயிருவா. அந்தப் புள்ளைக்குத் தாய் இல்லையாம், வாய்க்கு ருசியா செஞ்சு குடுக்க ஆள் இல்லையாம். கம்பஞ்சோறு என்ன, பச்சைப்பயிறு கடைஞ்சது என்ன, அரிசிம்பருப்புச் சோறு என்ன, எல்லாம் படி ஏறிப் போகும். மேல ரெண்டு பேரும் சிரிக்கறது இங்க கேக்கும். என் சம்சாரம் சிரிக்கற சத்தத்தை நான் கேட்டு எத்தனை வருஷமாச்சோ. அப்படி என்னதான் பேசுவாங்கன்னு நானும் ஏறிப் போவேன். போனா பேச்சு நின்னுரும். சரி, பேச விஷயம் இல்லாமத்தான் நிறுத்திட்டாங்கன்னு நான் நல்லதா நாலு விஷயம் எடுத்து விடுவேன். ஆஸ்திரேலியாவுல வாம்பேட்னு ஒரு பிராணி, அதோட சாணி சதுரம் சதுரமா, தாயக்கட்டை மாதிரி விழும்னு சொன்னேன். அந்தப் புள்ளை அப்பத்தான் சோத்துல கை வெச்சிருந்ததாம். எந்திரிச்சு ஓடிப் போய் வாந்தி எடுத்துச்சு. மாசமா இருக்கறவ வாந்தி எடுக்கறது இயற்கைதானே? அதுக்கு வசந்தாமணி என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க.

அந்தப் பையன் நாச்சியப்பன் மட்டும் ஒரு நாளும் முகஞ்சுளிக்கமாட்டான். "சரிங்க ஐயா, அப்படீங்களா ஐயா"ம்பான். தலையை ஆட்டுவான். ஒரு வாரம் கழிச்சு அதையே திருப்பிக் கேட்டா முழிப்பான். மரியாதை இருந்து என்னங்க பண்றது, மண்டையில ஒண்ணும் நிக்கலையே.

ஏழாவது மாசம் வந்துது. வளைகாப்பு. பொறந்த வீட்டுல செய்யோணும், தாய் இல்லாததால இங்கயே செஞ்சுடலாம்னு வசந்தாமணி முடிவு பண்ணிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் புள்ளையை வளத்த சித்தி தேவகோட்டையில இருந்து வந்துது. இந்தத் தெருப் பொம்பளைங்க, எங்க ஒறம்பரைச் சொந்தக்காரங்க, எல்லாரும் இதோ இந்தக் கூடத்துலதான். மொதல் வளையல் தாய் போடோணும்னு இருக்குதுங்களே, அந்த எடத்துல வசந்தாமணி உக்காந்தா. பட்டுச்சேலை கட்டி, பூ வெச்சு. மக கல்யாணத்துக்கு அப்பறம் அவ அப்படி உக்காந்து நான் பாத்ததில்லை. கண்ணாடி வளையலைப் போட்டு விட்டுக்கிட்டே அவ கண்ணு நெறைஞ்சு போச்சு. நானும் பாத்தேன். கல்லு இல்லைங்க நானும்.

அஞ்சு வகைச் சோறு. புளிச்சோறு, தக்காளிச் சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிரு. ஆம்பளைங்களுக்கு வெளிய பந்தல்ல. நான் வீட்டுக்காரன், வெளிய உக்கார முடியுங்களா? உள்ள வந்தேன். பொம்பளைங்க எல்லாம் பாட்டுப் பாடி முடிச்சு ஒரு நிமிஷம் சத்தமில்லாம இருந்தாங்க. நல்ல சமயம், வீட்டுப் பெரியவன் ரெண்டு வார்த்தை வாழ்த்திச் சொல்லோணுமில்லீங்களா? அதுவும் அத்தனை பேர் உக்காந்திருக்கறப்ப. அந்த மாதிரி சபை எனக்கு அதுவரைக்கும் கிடைச்சதே இல்லை. தாய்மையைப் பத்தி ஏதாவது சொல்லலாம்னு நெனச்சேன். எனக்கு ஞாபகம் வந்தது ஆக்டோபஸ்.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? ஆக்டோபஸுக்கு மூணு இதயம், ரத்தம் நீல நிறம். அது முட்டை போட்டா, அந்த எடத்தை விட்டு அசையாது. இரை தேடப் போகாது. சோறு தண்ணி இல்லாம, அந்த முட்டைக்குக் காத்து விட்டுக்கிட்டு, அழுக்கு அண்டாம தடவிக்கிட்டு, மாசக்கணக்கா கெடக்கும். அதுங்க பொரிஞ்சு வெளிய வர்ற நேரத்துக்குத் தாய் செத்துப் போகும். ஒரு குஞ்சுகூடத் தாய் முகம் பாக்காது. இதைச் சொன்னேன். இதைவிடத் தாய்மைக்குப் பெருமை வேற என்ன இருக்குது? "பாருங்க அம்மிணி, புள்ளை பொறக்கறதுக்காகத் தாய் உசிரையே குடுக்குது, அதுக்குப் பேருதான் தாய்"னு அழகம்மையைப் பாத்துத்தான் சொன்னேன். நல்லா நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோட சொன்னேன்.

அந்தச் சித்திக்காரி "சிவ சிவா"ன்னு காதைப் பொத்திக்கிச்சு. எங்க பங்காளி சம்சாரம் வாயில முந்தானையை வெச்சு அடைச்சுக்கிட்டா. அழகம்மை என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அழுகைகூட உடனே வரலை. அப்பறம் கையில இருந்த வளையலை ஒவ்வொண்ணா உருவிக் கீழ வெக்க ஆரம்பிச்சா. வசந்தாமணி அவ கையைப் புடிச்சுக்கிட்டு, "வேண்டாங் கண்ணு, உருவாத கண்ணு"ன்னா.

அப்பறந்தான் தெரியுது, அந்தப் புள்ளையோட அம்மா அவளைப் பெத்தப்பவே போயிட்டாங்களாம். இவ முகத்தைக்கூடப் பாக்கலையாம்.

எனக்கு எப்படிங்க தெரியும்? தாய் இல்லைன்னா ஆயிரம் காரணம் இருக்கும். வசந்தாமணி சொல்றா, "உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். ஒரு தடவை நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, இதே எடத்துல உக்காந்து, அழுதுக்கிட்டே சொன்னேன்"ங்கறா. எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லைன்னா அவ சொல்லலைன்னுதானே அர்த்தம்? என் ஞாபகசக்திக்கு இந்த ஊரே சாட்சி. அன்னைக்கு ராச்சோத்துக்கு நான் ஈமு யுத்தத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேனாம், ஆஸ்திரேலியாக்காரன் ஈமு கோழியைச் சுடப் பட்டாளத்தை மெஷின் கன்னோட அனுப்பித் தோத்துப் போனானே, அது. அது நல்லா ஞாபகம் இருக்குதுங்க. அன்னைக்குக் கொள்ளுப் பருப்பு. ஈமு யுத்தத்தைச் சொன்னேன். நடுவுல அவ ஏதோ சொன்னா, நான் இரு புள்ள, முடிச்சுக்கறேன்னேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில சித்திக்காரி அழகம்மையைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. நாச்சியப்பன் ஒரு வாரத்துல சாமானை ஏத்திட்டான். போறப்ப என் முன்னால வந்து, "வர்றேன் ஐயா"ன்னு கும்பிட்டான். அந்த நேரத்துலயும் கும்பிடறான். சொரணை இல்லாத பையன்.

வசந்தாமணி என்கிட்டச் சண்டை போடலைங்க. கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்தியிருப்பேன். கூடத்துல கிடந்த வளையலை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரு டப்பாவுல போட்டா. மாடிக்குப் போய் நல்லாக் கூட்டி விட்டா. அப்பறம் பையைத் தூக்கிட்டா. பஸ் ஏறறப்ப என்ன சொன்னா தெரியுங்களா? "முப்பத்தஞ்சு வருஷமா நீங்க சொன்னதெல்லாம் நான் கேட்டுக்கிட்டு இருந்தேங்க. நான் சொன்னது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, உங்க காதுல விழுந்திருந்தா அந்தப் புள்ளை சிரிச்சுக்கிட்டுச் சோறு தின்னிருக்கும்." இதைச் சொல்லிட்டு ஏறிட்டா. கேட்டுக்கிட்டு இருந்தாளாம். கேட்டா ஒரு சந்தேகம் கேக்கமாட்டாங்களா? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு சந்தேகம்?

இப்ப அழகம்மைக்குப் பொறந்துருச்சாம், இந்தத் தையில. பொம்பளைப் புள்ளை. தாயும் சேயும் சௌக்கியமாம். வசந்தாமணி தேவகோட்டைக்கே போய்ப் பாத்துட்டு வந்தாளாம். போன்ல சொன்னா. பாத்தியா, நான் சொன்னதால என்ன ஆச்சு, ஒண்ணும் ஆகலையேன்னேன். வெச்சுட்டா. புள்ளைக்கு என்னமோ பேருகூடச் சொன்னா. நல்ல பேருதான். இப்ப ஞாபகம் வரலை.

இருங்க, இருங்க. எந்திரிக்காதீங்க. நான் கதையைச் சொல்லிக்கிட்டே போறேன். விஷயத்துக்கு வர்றேன். அட்வான்ஸ் எல்லாம் நீங்க சொல்றதுதான். வெள்ளை அடிச்சுத் தர்றேன். குழாய் ஒண்ணு ஒழுகுது, அதை மாத்தித் தர்றேன். இந்த வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்குது, பால் காய்ச்சிடலாம். மாசி பொறந்தாலும் பரவால்லை, ஆனா சீக்கிரம் வந்தா எனக்கு உபகாரமா இருக்கும். கேள்வி கீள்வி ஒண்ணும் கிடையாது. மேல ஏறிகூட வரமாட்டேன். நெசமா. சோறு ஓட்டல்ல இருந்து வருதுங்க. சாம்பார்ல ஒரே சோடா. சோறுகூடப் பெருசில்லை. சாயங்காலமானா இந்த வீட்டுல ஒரு சத்தம் இல்லை. நேத்து நான் ஒரு நல்ல விஷயம் படிச்சேன். படிச்சுட்டு, ஏ புள்ளன்னு சமையக்கட்டைப் பாத்துக் கூப்பிட்டுட்டேன். அந்த "ம்" வரலை. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.

என்னங்க? "வீட்டுல கேட்டுச் சொல்றேன்"ங்களா? அப்படின்னா மாட்டேன்னு அர்த்தம். வர்ற எல்லாரும் இதைத்தானே சொல்றான். நேராச் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. சரி, போங்க. நான் ஒண்ணும் கேக்கலையே, கேட்டேனா? வாக்கைக் காப்பாத்தித்தானே இருக்கேன்?

இருங்க, போன் அடிக்குது. அவதான். கொஞ்சம் நில்லுங்க, ஒரே ஒரு நிமிஷம்.

ஹலோ. ஆமா, வந்திருக்காரு. இங்கதான் நிக்கறாரு. வீடு புடிச்சிருக்குதாம். கேக்கலை புள்ள, ஒரு கேள்வி கேக்கலை, சத்தியமா. வேணும்னா அவரையே கேளு. என்ன? பேரா? பேரு என்னன்னா... தெரியலை. எந்த ஊர்னும் தெரியலை. எத்தனை பேருன்னா, வீட்டுலன்னு சொன்னாரு, அப்ப கல்யாணம் ஆயிருக்கும். குழந்தையா? நான் எப்படிப் புள்ள கண்டேன்? நீதானே ஒரு கேள்வியும் கேக்காதீங்கன்னு சொன்னே? ஒரு மணி நேரமா என்ன பேசினேனா? நாந்தான் பேசினேன். அவரு ஏதோ சொல்ல வந்தாரு ரெண்டு மூணு தடவை. ம். ம். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ம். சரி, அழாத. வெச்சுராத புள்ள, லைன்லயே இரு. இரு, கேக்கறேன்.

ஏனுங்க, கேட்டைத் தாண்டிட்டீங்களே. கொஞ்சம் நில்லுங்க. அவ சொல்றா, வந்தவங்க யாரு, அவங்க வீட்டம்மாவுக்கு என்ன புடிக்கும், குழந்தைங்க இருக்குதா, வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா, இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க, நான் இன்னைக்கே பஸ் ஏறிடறேன்னு. எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லைங்க. பதில் தெரியாத கேள்வியை நான் இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்லை. நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, அது சரியா தப்பான்னு நான் எதை வெச்சுப் பாக்கறது? பரவால்லை. எதைச் சொன்னாலும் சரி. வண்டியை மட்டும் அமத்துங்க, சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. அவ லைன்ல இருக்கறாளுங்க, போன் இதா என் கையில இருக்குது. சொல்லுங்க. உங்க பேரு என்னங்க?